மெலந்தி அணைக்கு வந்தவர்கள்

ஜனவரி 6, செவ்வாய்

மெலந்தி அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்பாங்கைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கினால் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது, வளைவில் ஒரு லோரி வேறு குறுக்கே நின்றது, போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனி கொடுத்த டெண்டரில் "எளிதில் சென்றடையக்கூடிய தூரம்" என்று இருக்கிறது. எழுதினவன் ஒருநாள் அந்தப் பாதையில் போய்ப் பார்க்கட்டும்.

வேலை இதுதான். அந்த நீர்த்தேக்கத்தின் கரையைச் சுற்றுலா இடமாக ஆக்கலாமா, கூடாதா என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். மிதக்கும் சாலெட் வீடுகள், படகுத்துறை, கண்ணாடிப் பாலம் எல்லாம் படமாக வரைந்தாயிற்று. "ஆகும்" என்று நாங்கள் எழுதினால் கரை முழுவதும் ஒரே கம்பெனிக்குக் குத்தகை. சுற்றி வேலி, வாசலில் டிக்கெட். "ஆகாது" என்று எழுதினால் கரை இப்போது போலவே கிடக்கும். எந்தப் பதில் வேண்டும் என்பது முதலாளி சிவேந்திரன் முகத்திலேயே தெரிகிறது. பிறகு ஆராய்ச்சி எதற்கு?

ஆறு வந்து ஏரியில் விழும் இடத்தில் ஒரே ஒரு கடை, தகரக் கூரை. இராஜம்மா என்று ஓர் அம்மா தேத்தண்ணியும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் விற்கிறார். மூலையில் எள், தர்ப்பை, வாழையிலைக் கட்டு எல்லாம் இருந்தன. பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. காலில் அட்டை ஏறியிருந்தது, அந்த எரிச்சலில் இருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று அணையில் வருகையாளர் கணக்கெடுப்பு. கணக்கெடுக்க நாங்கள் அமர்த்திய ஏஜென்சிக்காரர்கள் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள், டிரோனும் உண்டு. நான் போகவில்லை. காய்ச்சல். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் போர்வைக்குள் கிடக்கிறேன்.

தேதி குறித்தது நான்தான். பள்ளி விடுமுறை இல்லை, பொது விடுமுறை இல்லை, சீனப் பெருநாளும் தைப்பூசமும் இன்னும் வரவில்லை. இதைவிடச் சாதாரணமான ஞாயிறு கிடைக்காது.

கிள்ளானில் அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை. அக்கா செத்துக் கிடந்தாலும் தெரியாது இவர்களுக்கு.

ஜனவரி 20, செவ்வாய்

கூட்டமாம் கூட்டம்! கார் நிறுத்த இடமில்லாமல் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றதாம். அந்தப் பாதையிலா? அந்த அட்டைகளுக்கு நடுவிலா? நம்ப முடியவில்லை, ஆனால் டிரோன் பொய் சொல்லாது. சிவேந்திரன் என் மேசைக்கே வந்து, "பாத்தீங்களோ அமுதா, நான் சொன்னன்தானே" என்றார். பெட்டாலிங் ஜெயாவில் பதினான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன், என் மேசைக்கு அவர் வந்தது இன்றுதான்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பேனா அழுந்துகிறது. கோபத்தில்தான்.

அறிக்கையின் முதல் வடிவம் வந்தது. பக்கங்களை அமைத்தது எங்கள் ஆபீஸ் மார்க்கிரட். அட்டையில் டிரோன் படம், அழகாகத்தான் இருந்தது. பச்சை மலை, வெள்ளி மாதிரி ஆறு, கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், முன்னால் வாழையிலை. கீழே தடித்த எழுத்தில், "நீரோரம் குடும்ப உணவு: மெலந்தியின் வார இறுதி மகிழ்ச்சி."

ஏதோ இடித்தது. படத்தைப் பெரிதாக்கினேன். ஆண்கள் யாருக்கும் சட்டை இல்லை. எல்லோரும் வேட்டி. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இலையில் சோற்று உருண்டை, எள். நடுவில் பூணூல் போட்ட ஐயர்.

அட கடவுளே. சாப்பாடு இல்லை அது, பிண்டம்.

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 18, தை அமாவாசை. அரசாங்க விடுமுறை, பள்ளி விடுமுறை, சம்பள நாள் எல்லாம் பார்த்துப் பார்த்துக் குறித்த நான், சமையலறையில் தொங்கும் தமிழ்க் காலண்டரைப் பார்க்கவில்லை. அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தை எல்லாம் டூரிஸ்ட் என்று எண்ணி வைத்திருக்கிறோம்!

மார்க்கிரட்டிடம் காட்டினேன். "நான் என்னத்த கண்டேன் அமுதா? நாங்க கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போற ஆளுங்க. இலை போட்டு உக்காந்திருக்காங்க, பிக்னிக்னு நெனச்சிட்டேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். மூன்றாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது என் தம்பி யுகேந்திரன். பின்னால் குடை பிடித்துக்கொண்டு அம்மா.

உடனே போன் போட்டேன். "ஏன்டா, அப்பாவுக்குக் கொடுக்கப் போனீங்களா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரவா போற? 'இதெல்லாம் எதுக்கு'ன்னு லெக்சர் அடிப்பே. அதான் அம்மா வேணாம்னுட்டாங்க."

"அங்க ஒரு பொண்ணு சர்வே ஃபாரம் வச்சிட்டுக் கேள்வி கேட்டுச்சா?"

"ஆமா லா. ஐயர் அடுத்த ஆளக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு, அது பேனாவ நீட்டிக்கிட்டு நிக்குது. வருசத்துக்கு எத்தன தடவன்னு கேட்டுச்சு, மூணுன்னேன். குடும்பத்தோடவான்னுச்சு, ஆமான்னேன். சாலெட் கட்டுனா ராத்திரி தங்குவீங்களான்னுச்சு. யா யான்னுட்டேன். பாவம், வெயில்ல நிக்குது பிள்ள."

தை, ஆடி, புரட்டாசி. மூன்று அமாவாசை. அறிக்கையில் அது "மீண்டும் மீண்டும் வரும் விசுவாசமான வாடிக்கையாளர்கள்" என்று ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். எங்கும் போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சிவேந்திரனிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

"அண்டைக்கு அமாவாசை எண்டு எனக்குத் தெரியாதோ? நானும் என்ர அப்பாவுக்குக் கோயில்ல செய்தனான்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"நாள் குறிச்சது நீங்கள். கேளுங்கோ அமுதா, சனம் வந்ததோ இல்லையோ? கார்ல வந்ததுதானே? கடையில தேத்தண்ணி குடிச்சதுதானே? ஏன் வந்ததெண்டு எங்களுக்கென்ன?"

ஏன் வந்தது என்று நமக்கென்னவா? 'ஏன்' என்பதுதானே ஐயா நம் வேலை? வேலி போட்டு வாசலில் டிக்கெட் விற்றால் அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட வருகிறவன் எங்கே போவான்? டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கண்ணாடிப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து செய்வானா? மேலே நின்று செல்பி எடுப்பார்களா?

இதெல்லாம் வாயில் வரவில்லை. "மறுபடி எண்ணணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து கழிவறையில் நின்று அழுதேன். சீ.

பிப்ரவரி 8, ஞாயிறு

நானே போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை இராஜம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மீன் பிடிக்க நாலைந்து பேர். வழி தப்பி வந்த ஒரு சைக்கிள் கூட்டம். கருமாதி செய்ய ஒரு குடும்பம், மொட்டை போட்ட இரண்டு அண்ணன் தம்பிகள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். இதுதான் மெலந்தியின் சாதாரண ஞாயிறு.

இராஜம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பக்கம்தான் நான் நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. அவர் கரண்டியைத் தட்டில் போட்டார்.

"ஏம்மா, வர்ற நல்லத ஏன் கெடுக்கறீங்க? சாலெட் வந்தா கூட்டம் வரும், நானும் நாலு மேசை சேத்துப் போடுவேன்."

"வேலி போட்டுருவாங்க ஆன்டி. கடை உள்ள இருக்க விடமாட்டாங்க. கருமாதிக்காரங்களையும் விடமாட்டாங்க."

"அதெல்லாம் பேசிக்கலாம். நம்ம ஆளுங்களே நமக்குக் குறுக்க நிக்கறீங்களே" என்றார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளிக்கு 'ஆகும்' வேண்டும். அரசாங்கத்துக்கு 'ஆகும்' வேண்டும். நான் யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அந்த அம்மாவுக்கும் 'ஆகும்' வேண்டும். நான் மட்டும் நடுவில் மரம் மாதிரி நிற்கிறேன். மண்டை காய்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு செல்லாதாம், தனியாள் எடுத்ததாம். இப்போது புவாசா, நோன்பு மாதம், யாரும் உல்லாசமாக வரமாட்டார்கள், அதனால் மறுபடி எண்ணக் கூடாதாம். நோன்புப் பெருநாள் ராயா முடிந்து பார்க்கலாமாம். ராயா முடிந்தால் பள்ளி விடுமுறை என்பார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

மார்ச் 26, வியாழன்

கிள்ளானில் தண்ணீர் இல்லை. எந்த ஆற்றிலோ எவனோ எதையோ கொட்டிவிட்டானாம், சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் லோரிக்காகத் தெருவே வாளியோடு நிற்கிறது. அம்மா மூட்டு வலியோடு வரிசையில். தம்பி வேலையில் மாட்டிக்கொண்டானாம். நான் இரண்டு வாளி தூக்கி மாடி ஏறினேன். இடுப்பு போயிற்று.

அம்மா மெதுவாகக் கேட்டார். "அணையில வேலி வரப்போவுதாமே? அப்ப ஆடிக்கு அப்பாவுக்கு எங்க போய்க் குடுக்கறது?"

"வராதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஏப்ரல் 13, திங்கள்

இன்று பெரிய சண்டை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மார்க்கிரட் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்வது போல நடித்தார்.

டெண்டரில் ஆய்வுக்குப் பொறுப்பாளர் என்று என் பெயர்தான் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளாமல் அறிக்கை வெளியே போகாது. "உண்மையான கணக்கோடு நாலாவது அத்தியாயத்தை மாத்தி எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றேன். சிவேந்திரன் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்தத் தரவை அரசாங்கத்திட்டக் குடுத்தா என்ன நடக்குமெண்டு யோசிச்சனீங்களோ?"

"உண்மை நடக்கும் சார்."

"உங்கட பிடிவாதத்துக்கு மருந்தே இல்லை" என்றார். "எழுதுங்கோ. வாறது வரட்டும்."

ஜெயித்துவிட்டேன்! பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். ஓர் அங்கிள் விலகிப் போய் நின்றார்.

மே 15, வெள்ளி

நாலாவது அத்தியாயம் முடிந்தது. இவ்வளவு மனசு வைத்து நான் எதையும் எழுதியதில்லை. அட்டைப்படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். "இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்" என்றே ஆரம்பித்தேன். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், தர்ப்பணம் என்றால் என்ன, கருமாதி என்றால் என்ன, ஏன் ஓடும் தண்ணீர் வேண்டும் என்று மலாய்க்காரருக்கும் சீனருக்கும் புரிகிற மாதிரி. அடுத்த இரண்டு வருட அமாவாசைத் தேதிகளைக்கூடச் சேர்த்தேன். கரையில் கல் படி கட்டிக் கொடுங்கள், கழிவறை கட்டுங்கள், நிழலுக்குக் கூரை போடுங்கள், அது போதும் என்று முடித்தேன்.

தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அக்கா, நீயா இது!" என்றான்.

ஜூன் 11, வியாழன்

அரசாங்கக் குழுவின் முன் அறிக்கையை வைத்தேன். நன்றாகப் பேசினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சுற்றுலாத் துறைக்காரர்கள் முகம் தொங்கிவிட்டது. கண்ணாடிப் பாலத்துக்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக் கடைசியில் ஒரே ஒருவர்தான் கவனமாகக் கேட்டார். நீர்வளப் பிரிவிலிருந்து வந்தவராம், மெல்லிய குரல். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அவர் வந்ததில்லை. என் நாலாவது அத்தியாயத்தை இரண்டு முறை புரட்டினார்.

"இதெல்லாம் தண்ணீருக்கு உள்ளேயே நடக்கிறதா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம். ஓடும் தண்ணீரில் விடுவதுதான் முறை."

"சோறு, எள்... வேறு?"

"சிலர் அஸ்தியும் கரைப்பார்கள்" என்றேன். எவ்வளவு ஆழமான நம்பிக்கை என்பதை அவர் புரிந்துகொள்ளட்டும் என்று, எந்த நாட்களில் கூட்டம் அதிகம் வரும், எந்த இடத்தில் உட்காருவார்கள் எல்லாம் சொன்னேன். நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு மனிதர் அக்கறையோடு கேட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பும்போது காரில் சிவேந்திரன் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்ற ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, புதன்

திட்டம் கைவிடப்பட்டது! மெலந்தி சுற்றுலாவுக்கு ஏற்றதல்ல. சாலெட் இல்லை, பாலம் இல்லை, டிக்கெட் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆடிக்குப் போலாம்மா, நானும் வரேன்." அம்மா அழுதுவிட்டார். நான் அழவில்லை. சரி, கொஞ்சம்.

ஜூலை 21, செவ்வாய்

மத்தியானம் இராஜம்மா கூப்பிட்டார். என் எண்ணை இன்னும் வைத்திருந்தது ஆச்சரியம்.

"கேட் போட்டுட்டாங்கம்மா. கடையப் பேத்து ரோட்டுல வச்சிட்டாங்க."

"யாரு ஆன்டி? திட்டம்தான் இல்லன்னு ஆயிருச்சே!"

"தண்ணி ஆபீஸ்காரங்க. குடிக்கற தண்ணியாம், பொணக்காரியம் பண்றோமாம், ஆளே நொழையக் கூடாதாம். போர்டு மாட்டிருக்காங்க, மூணு மொழில. தமிழும் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "என்னைக்கு, எந்த எடத்துல, என்னா பண்றோம், எல்லாத்தையும் புட்டுப் புட்டு வக்கிறான் அந்த ஆபீசரு. யாரும்மா அவ்வளவு வெவரமா சொல்லிருப்பா?"

போனை வைத்துவிட்டேன். நான்தான். ஒரு பக்கம் விடாமல், தேதியோடு, இடத்தோடு, படத்தோடு, நான்தான். இத்தனை வருடம் யாரும் கண்டுகொள்ளாத இடம். கண்டுகொள்ளாமல் விட்டதுதான் அவர்களுக்குக் கிடைத்த அனுமதி என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. சாலெட் கட்டிக் கக்கூஸ் வைத்தால் பரவாயில்லையாம், சுத்திகரித்துக்கொள்வார்களாம். ஒரு கை எள் விட்டால் ஊர் முழுக்க நோய் வந்துவிடுமாம்!

ஆனால் அந்த ஆபீசரைத் திட்டவும் முடியவில்லை. மார்ச் மாதம் வாளி தூக்கியது நான்தானே. குடிக்கும் தண்ணீரில் சாம்பலைக் கரைக்கிறார்கள் என்று ஒருவரிடம் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்?

சிவேந்திரன் அறைக்குப் போனேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "அண்டைக்கு அந்த மனுசன் கேள்வி கேக்கேக்கயே எனக்கு விளங்கிட்டுது" என்றார். குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 22, புதன்

தம்பியிடம் சொன்னேன்.

"எங்கள டூரிஸ்ட்டுன்னே விட்டிருக்கலாம்ல அக்கா."

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மனு எழுதினேன். வருடத்தில் மூன்று நாளாவது திறந்துவிடுங்கள், அணைக்குக் கீழ்ப்புறம் ஓர் இடம் கொடுங்கள் என்று. சிவேந்திரனும் கையெழுத்துப் போட்டார். பரிசீலிக்கிறார்களாம். ஆடி அமாவாசைக்குள் ஒன்றும் ஆகாது.

போகாமல் இருந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கேட்டு வரைக்குமாவது போவோம்" என்றார்.

ஆகஸ்ட் 12, புதன்

ஆடி அமாவாசை. லீவு போட்டுவிட்டு அம்மாவையும் தம்பியையும் காரில் கூட்டிப் போனேன். எங்களைப் போலவே கேட் வரைக்குமாவது என்று வந்தவர்கள் ரோட்டோரம் நிறையப் பேர். இராஜம்மாவின் கடை இப்போது எதிரே டுரியான் தோட்டத்து வாசலில், தார்ப்பாய்க்குக் கீழே. தோட்டத்துக்காரர் ஒரு சீன அங்கிள், தன் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் இழுத்துக் கொடுத்திருந்தார். சாக்கடை ஓரம் பாய் விரித்து ஐயர் உட்கார்ந்திருந்தார். ஆறு இல்லாத குறைக்கு, ஒவ்வொருவர் கைக்கும் மேல் ஒருவர் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டார்.

இராஜம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்த ஆளைப் போகச் சொல்லிவிட்டு, அதை என் கையில் திணித்தார்.

"சும்மாதான நிக்கறீங்க. புடிங்க."

தம்பி உட்கார்ந்தான். ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்டார். தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அவன் கையில் எள் இருந்தது. தண்ணீர் விட்டேன், அது விரல் வழியே இறங்கிச் சாக்கடைக்குப் போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு இன்னொருவர். ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். வரிசை வளைவு வரைக்கும் நின்றது.

"மெதுவா விடுங்கம்மா, தெறிக்குது" என்றார் ஐயர்.

ஹோஸைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்தேன். கூட்டம் முடியும்வரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் வந்து வாங்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.